ஒரு சனிக்கிழமை, மூன்று கோட்டை வீடுகள்: எதற்குப் போகலாம்?

நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா என்று அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கம் வருகிறவர்கள் ஒரு கோட்டை பார்க்க ஆசைப்பட்டால், பெரும்பாலும் கனடா எல்லையை ஒட்டி 'ஆயிரம் தீவுகள்' என்ற பகுதியில் இருக்கும் போல்ட் கோட்டைக்குத்தான் போகிறார்கள். அழகான கட்டிடம்தான். ஆனால் அதைக் கட்டியவர் ஒரு நாள்கூட அதில் குடியிருக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1904-இல், மனைவி இறந்துவிட, ஜார்ஜ் போல்ட் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டார். அங்கே போனால் மாளிகை தெரியும், வாழ்ந்த மனிதர் தெரிய மாட்டார்.

நான் சொல்லப்போகும் மூன்று வீடுகளும் வேறு மாதிரி. தன் மனசில் தோன்றியதை யார் என்ன சொன்னாலும் கட்டியே தீருவேன் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து கட்டி, அதிலேயே சாப்பிட்டு, தூங்கி, வயதாகிப்போன வீடுகள். கனெக்டிகட் மாநிலத்தில் நாடக நடிகர் வில்லியம் கில்லட் கட்டியது ஒன்று. மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஜான் ஹேஸ் ஹாமண்ட் ஜூனியர் என்ற கண்டுபிடிப்பாளர் கட்டியது இன்னொன்று. பென்சில்வேனியாவில் தொல்லியல் ஆய்வை விட்டுவிட்டு டைல்ஸ் செய்யப் போன ஹென்றி மெர்சர் கட்டிய ஃபான்ட்ஹில் மூன்றாவது. 1908-க்கும் 1929-க்கும் இடையே மூன்றும் எழும்பிவிட்டன. பெயர்தான் கோட்டை. எந்தப் படைக்கும் பயந்து கட்டியவை இல்லை.

எது பெரியது, எது அழகு என்று இவற்றை அளந்து பார்ப்பதில் பயன் இல்லை. ஒரு மணி நேரம் யாருடைய மனசுக்குள் நடந்து பார்க்க ஆசை என்பதுதான் கேள்வி. அதோடு, கூட வருகிறவர்களின் முழங்காலும் எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதும் சேர்ந்தால் முடிவு தானாக வந்துவிடும்.

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஃபான்ட்ஹில் இருக்கும் டாய்ல்ஸ்டவுன், பிலடெல்பியாவுக்கு வடக்கே ஏறக்குறைய 30 மைல். காரில் ஒரு மணி நேரம். பிலடெல்பியாவிலிருந்து புறநகர் ரயிலும் உண்டு, அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தமே டாய்ல்ஸ்டவுன்தான். நியூயார்க்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கில்லட் கோட்டை இருக்கும் ஈஸ்ட் ஹாடம், நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் நடுவில் ஆற்றங்கரைக் காட்டுக்குள் இருக்கிறது. இரண்டு ஊரிலிருந்தும் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும், கார் இல்லாமல் போவது சரிப்படாது. ஹாமண்ட் கோட்டை, பாஸ்டனுக்கு வடக்கே ஒரு மணி நேரத்தில் குளூஸ்டரில் இருக்கிறது. பாஸ்டனிலிருந்து குளூஸ்டர் வரை ரயில் போகிறது. ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு மறுபடி டாக்சி பிடிக்க வேண்டும்.

இப்போது கில்லட்.

இங்கிலாந்துக்காரரான ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மேடையில் உருவம் கொடுத்துப் புகழ்பெற்றவர் ஓர் அமெரிக்கர் என்பது பலருக்குத் தெரியாது. 1899-இல் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல், ஆயிரத்து முந்நூறு தடவை அளவில் அந்த வேஷத்தைக் கட்டியவர் கில்லட். ஹோம்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வரும் அந்த வளைந்த புகைக்குழாயை மக்கள் மனசில் பதித்ததில் அவர் பங்கு பெரியது. கனெக்டிகட் ஆற்றில் தன் படகு வீட்டில் போய்க்கொண்டிருந்தபோது இந்தக் குன்று கண்ணில் பட்டது. 'ஏழு சகோதரிகள்' என்று அழைக்கப்படும் குன்று வரிசையில் கடைசிக் குன்று. நிலத்தை வாங்கி, தானே வரைபடம் போட்டு, 1914-இல் தொடங்கி 1919 வரை கட்டினார். தொடங்கும்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மனைவி 1888-இலேயே இறந்துவிட்டார், அதற்குப் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. துணைக்குப் பூனைகள் இருந்தன, நிறைய.

வெளியிலிருந்து பார்த்தால், ஈர மணலைக் கையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழந்தைகள் கட்டும் மணல் கோபுரம் மாதிரியே இருக்கும். அந்தப் பக்கத்துக் கரடுமுரடான கற்கள், உள்ளே எஃகுச் சட்டம். முதல் பார்வையில் பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. உள்ளே போய் முதல் கதவுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றபோதுதான் மனசு மாறியது.

மொத்தம் 47 கதவுகள். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. எல்லாம் வெள்ளை ஓக் மரத்தில் கையால் செதுக்கியவை. தாழ்ப்பாளில் நாம் எதிர்பார்க்கும் இரும்புக் கொண்டிக்குப் பதில் மரத்தாலேயே செய்த நெம்புகள் இருக்கும். ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருக்கும் கட்டை நகரும், அது இன்னொன்றைத் தூக்கும், அதற்குப் பிறகுதான் கதவு விடும். மரம் மரத்தோடு உரசிய இடமெல்லாம் மழமழவென்று கறுத்திருந்தது. விளக்கு சுவிட்சுகளுக்கும் செதுக்கிய மரப்பிடிதான். சாப்பாட்டு மேஜை தரையில் பதித்த தண்டவாளத்தில் நகரும். சுவரோரம் கட்டிய பெஞ்சில் விருந்தினர்கள் உட்கார்ந்த பிறகு மேஜையை உள்ளே தள்ளிவிட்டால், வீட்டுக்காரர் விடும்வரை யாரும் எழுந்து போக முடியாது.

அவர் படுக்கையறையிலிருந்து பார்த்தால் கீழே பெரிய கூடம் தெரிகிற மாதிரி கண்ணாடிகள் பொருத்தியிருக்கிறார். மதுப்பெட்டிக்கு ஒரு தந்திரப் பூட்டு. அதைத் திறக்கத் தெரியாமல் விருந்தினர்கள் தடுமாறுவதை மேலிருந்து பார்த்து ரசிப்பாராம். இதை விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்கத் திரைக்குப் பக்கத்தில் நின்று, தான் எந்த நொடியில் மேடையேற வேண்டும் என்று கணக்குப் போட்ட மனிதர், வீட்டிலும் அதற்கு ஒரு வசதி செய்துகொண்டிருக்கிறார். கீழே பேச்சு சூடு பிடித்திருக்கிறதா, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் படியிறங்கியிருப்பார். அந்தக் கண்ணாடிக் கோணத்தில் நின்று பார்க்கும்போது நடிகரின் தொழில் என்னவென்று எனக்குப் புதிதாக விளங்கியது.

இன்னொரு ஆசை ரயில். குன்றைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மைலுக்குக் குட்டித் தண்டவாளம் போட்டு, தானே வண்டி ஓட்டி விருந்தாளிகளைச் சுற்றிக் காட்டினார். ரயில் இப்போது ஓடுவதில்லை. ஆனால் தண்டவாளம் கிடந்த தடம் நடைபாதையாக இருக்கிறது. சுரங்கமும் பாலமும் அப்படியே. ரயில் ஏறும் கல் மேடைக்கு அவர் வைத்தது நியூயார்க்கின் பெரிய ரயில் நிலையத்தின் பெயர், 'கிராண்ட் சென்ட்ரல்'. பழைய இன்ஜின் ஒன்றைப் பார்வையாளர் மையத்தில் வைத்திருக்கிறார்கள். 1937-இல் இறப்பதற்கு முன் எழுதிய உயிலில், தான் எங்கே இருக்கிறோம், தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்ற அறிவே இல்லாத ஒரு மூடன் கையில் இந்த இடம் சிக்கிவிடக் கூடாது என்று எழுதி வைத்தார். 1943-இல் கனெக்டிகட் மாநில அரசே வாங்கிப் பூங்காவாக்கியது. இன்றைக்கு 184 ஏக்கர்.

கில்லட் கோட்டைக்குப் போகிறவர்கள் ஆற்றின் மேற்குக் கரையில் செஸ்டர் பக்கமாக வந்து, கார் ஏற்றும் ஃபெரியில் கடக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். 1769 முதல் அந்தத் துறையில் படகு ஓடுகிறது. இன்றைய ஃபெரி சின்னது. ஒரு தடவைக்கு எட்டு ஒன்பது கார்தான் ஏறும். ஐந்தாறு டாலர், ஐந்து நிமிஷப் பயணம். அந்த ஐந்து நிமிஷத்தில் குன்றின் உச்சியில் கோட்டை நிற்கும் கோலம், அதன் வாசலில் நின்று பார்த்தால்கூடக் கிடைக்காது. படகில் இருந்து பார்த்துத்தானே அவரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் ஃபெரி ஓடும். குளிர்காலத்தில் வண்டியைச் சுற்றித்தான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

குறை என்று சொன்னால், உள்ளே இருட்டு. சுவரில் கோரைப் பாய் மாதிரி நெய்த விரிப்பு, கறுத்த மரம், சின்ன ஜன்னல். கோடை வார இறுதிகளில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். முன்னால் ஆள் நின்றால் தாழ்ப்பாளைப் பார்க்க முடியாது, தாழ்ப்பாளைப் பார்க்காமல் வந்தால் அங்கே போனதற்கே அர்த்தம் இல்லை. காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.

ஹாமண்ட் வேறு ரகம். 1888-இல் பிறந்தவர். அப்பா தங்கச் சுரங்கப் பொறியாளர், பெரும் பணக்காரர். மகன் ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே கப்பலை இயக்கும் வேலையில் இறங்கி, நானூறுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வாங்கினார். இன்று ரிமோட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் விஷயத்துக்கு அடி போட்டவர்களில் ஒருவர். ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நம் மேடைக் கச்சேரிகளிலும் தேவாலயங்களிலும் கேட்ட 'ஹாமண்ட் ஆர்கன்' இவர் செய்தது இல்லை. அதைச் செய்தவர் லாரன்ஸ் ஹாமண்ட் என்ற வேறொருவர். இவர் கோட்டையிலும் ஒரு பிரம்மாண்டமான ஆர்கன் இருப்பதால் வருகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட பைப் ஆர்கன் அது. அந்தக் கூடம் மட்டும் சுமார் 100 அடி நீளம்.

1926-இல் தொடங்கி 1929-இல் முடித்த கோட்டை. ஐரோப்பாவெங்கும் அலைந்து, இடிந்த வீடுகளின் கல் வாசல்களையும் ஜன்னல்களையும் மரச் செதுக்கல்களையும் வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, இங்கே சேர்த்து ஒட்டியிருக்கிறார். கண்ணாடிக் கூரை போட்ட உள்முற்றத்தில் நடந்தால், இரண்டு பக்கமும் பழைய பிரெஞ்சுக் கடைத்தெருவின் வீட்டு முகப்புகள். நடுவில் குளம். பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் இதைச் செய்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் பட்டது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் கூரையோரம் குழாய்கள் போகின்றன. வேண்டும்போது முற்றத்துக்குள்ளேயே மழை பெய்ய வைப்பதற்கு. செடிகளுக்குத் தண்ணீர் விட்ட மாதிரியும் ஆயிற்று, மாலையில் நிலவொளி மாதிரி விளக்கைப் போட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரியும் ஆயிற்று. மாடி ஜன்னலிலிருந்து திடீரென்று குளத்தில் குதித்து விருந்தினர்களைக் கதிகலங்க வைப்பாராம். குளத்து நீருக்குச் சாயம் கலந்து வைத்திருந்ததால் ஆழம் எவ்வளவு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

விருந்தினர் அறை ஒன்றில் சுவருக்கும் கதவுக்கும் ஒரே வால்பேப்பர். கதவைச் சாத்திவிட்டால் கதவு எங்கே என்றே தெரியாது. வட்டமான நூலகத்தில் ஒரு மூலையில் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் நிற்பவர் காதில் தெளிவாக விழும். கூட ஒரு குழந்தை இருந்தால் அந்த அறையை விட்டு அதைக் கிளப்ப முடியாது. பின்பக்கத் திடலில் நின்றால் நேர் கீழே அட்லாண்டிக் கடல், எதிரே கப்பல்களைக் கவிழ்த்ததாகப் பெயர் வாங்கிய 'நார்மன்ஸ் வோ' என்ற பாறை. மூன்று கோட்டைகளில் வெளிக்காட்சிக்கு முதல் பரிசு ஹாமண்டுக்குத்தான். ஆற்றைப் பார்த்த கில்லட் இரண்டாவது.

இருந்தும் மனிதரைத் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும். அவருடைய அசல் திறமை கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையில் இருந்தது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவர் வாங்கிய பொருள்கள். மழைக்குழாயும் மறையும் கதவும் மட்டும்தான் அவர் கைவண்ணம் என்று நான் நினைக்கிறேன். பழம்பொருள் பிடிக்கும், ரோமானியக் கல்வெட்டும் இடைக்கால மரச்சிற்பமும் பார்க்க வேண்டும் என்றால், ஐரோப்பா போகாமலே ஒரு மதியத்தில் நல்ல விருந்து.

ஃபான்ட்ஹில்லைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, முடிந்தவரை சுருக்கிச் சொல்கிறேன்.

ஹென்றி சாப்மன் மெர்சர் 1856-இல் டாய்ல்ஸ்டவுனில் பிறந்தவர். தொல்லியல் ஆய்வாளராக இருந்தவர், உள்ளூர் ஜெர்மானியக் குயவர்களின் தொழில் அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அதைக் கற்றுக்கொண்டு டைல்ஸ் செய்ய ஆரம்பித்தார். பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றக் கட்டிடத்தின் தரையில் இன்றைக்கும் பதிந்திருப்பது அவர் பட்டறை டைல்ஸ்தான். 1908-இல், 52-ஆம் வயதில், தனக்கு ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மரத்தைத் தவிர்த்துவிட்டு முழுக்க முழுக்கக் காங்கிரீட். தீயில் அரிய பொருள்கள் கருகிப்போவது அவருக்குப் பெரிய பயம். கட்டி முடித்த பிறகு, வீடு எரியாது என்று ஊருக்கு நிரூபிக்க மொட்டை மாடியில் விறகை அடுக்கித் தீ மூட்டிக் காட்டினார்.

கட்டிடக் கலைஞர் கிடையாது. வழக்கமான வரைபடமும் கிடையாது. முதலில் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக மனசில் வடித்தார். இந்த ஜன்னல் இங்கே இருந்தால் காலை வெளிச்சம் மேஜையில் விழும், இந்த அறைக்கு உயரம் இவ்வளவு போதும் என்று. பிறகு களிமண்ணில் அறைகளைச் செய்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் பொருந்திய பிறகு வெளியே என்ன வடிவம் வந்ததோ, அதுதான் வீடு. அதனால்தான் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் தரைமட்டம் ஒத்துப்போகாது. 44 அறைகளுக்கு 32 படிக்கட்டுகள். 18 கணப்பு அடுப்புகள். இருநூறுக்கு மேற்பட்ட ஜன்னல்கள், அளவும் வடிவமும் வேறு வேறு. வேலை செய்தவர்கள் எட்டு, பத்துக் கூலியாட்கள். கொத்து வேலை தெரிந்தவர்கள் இல்லை, தினக்கூலிக்கு வந்தவர்கள். கலவையைக் கையால் குழைத்தார்கள். மேலே இழுத்துக் கொடுத்தது லூசி என்ற குதிரை.

விட்டத்தைப் பார்க்கும்போதுதான் உடம்பு சிலிர்க்கும். கொலம்பஸ் அறை என்று ஒன்று. கூரை முழுக்க டைல்ஸ், வளைந்து வளைந்து இறங்குகிறது. மேலே ஏறி நின்று ஒவ்வொன்றாக ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதலில் பலகையால் ஒரு தளம் போட்டு, அதன்மேல் மண்ணைக் குவித்து, கூரை எந்த வளைவில் வர வேண்டுமோ அந்த வளைவில் தட்டிச் சரிசெய்து, மணல் பரப்பி, அதில் டைல்ஸை முகம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அதன்மேல் கம்பி, அதன்மேல் காங்கிரீட். இறுகிய பிறகு கீழேயிருந்து தளத்தைப் பிரித்து மண்ணைச் சரித்தால், கூரை முழுப் படத்தோடு வெளிப்படும். கவிழ்த்து வைக்கும்போது எப்படி வரப்போகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரிந்திருக்காது. அவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். மண் உதிர்ந்து முதல் டைலின் நிறம் தெரிந்த அந்த நிமிஷத்தில் கீழே நின்றிருந்த கூலியாட்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தூண் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் பலகையின் ரேகைகள் காங்கிரீட்டில் அச்சாகப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். மரத்தின் கண்முடிச்சு உட்பட. மரம் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ரேகை நிற்கிறது. புத்தக அலமாரியும் எழுது மேஜையும்கூடச் சில இடங்களில் காங்கிரீட்தான், வீட்டோடு சேர்த்து வார்த்தது. தூண்களில் பாபிலோனியக் களிமண் பலகைகளைப் பதித்திருக்கிறார். பட்டறையில் செய்த சாதாரண டைலும் நாலாயிரம் வருஷத்துக் களிமண்ணும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் சுட்ட மண்தானே என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

1930-இல் மெர்சர் அங்கேயே இறந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்மணியும் அவர் கணவரும் ஆயுள் முடியும்வரை அங்கே வசிக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மாள் 1970-களின் நடுப்பகுதி வரை அங்கே இருந்து, வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். சமையலறைப் பக்கம் போகும்போது அவரை நினைக்காமல் என்னால் நடக்க முடியவில்லை. காங்கிரீட் வீட்டைத் துடைத்துப் பெருக்குவது என்ன லேசான வேலையா!

சரி, இப்போது உங்கள் கூட யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறீர்கள், முழங்கால் வலி இருக்கிறது என்றால் ஃபான்ட்ஹில் வேண்டாம். எனக்கு எவ்வளவு பிடித்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். படிகள் குறுகல், வளைவு, உயரம் ஒன்றுபோல் இருக்காது. கைடு இல்லாமல் சுற்ற அனுமதி இல்லை என்பதால் நடுவில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மெதுவாக வருகிறேன் என்றும் சொல்ல முடியாது. என் அம்மாவை அழைத்துப் போனபோது, இரண்டாவது படிக்கட்டிலேயே அவர் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மீதி நேரம் கீழே காத்திருந்தார். கூரையைப் பற்றி நான் வந்து சொன்னபோது அவர் கேட்டுக்கொண்ட விதம் இன்னும் மனசில் இருக்கிறது. ஹாமண்டிலும் படிகள் ஏராளம், சுழல் படிகள் உட்பட. பெரியவர்களோடு என்றால் கில்லட்தான். உள்ளே மாடி ஏறாவிட்டாலும் குன்றின் ஓரத்தில் நின்று ஆற்றைப் பார்க்கலாம், நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம். ஃபெரிப் பயணமே அவர்களுக்கு ஒரு நாள் பேச்சுக்குப் போதும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் கில்லட் நல்லது, ரயில் தடத்திலும் சுரங்கத்திலும் ஓடி விளையாடுவார்கள். மறையும் கதவு, கிசுகிசு அறை, தூக்குப்பாலம் என்று ஹாமண்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஃபான்ட்ஹில்லில் ஒரு மணி நேரம் கைடு பேசுவதைக் கேட்டுக்கொண்டு, எதையும் தொடாமல் நடக்கக் கூடிய பிள்ளையாக இருக்க வேண்டும். பத்து வயதுக்கு மேல் என்றால் சரி.

மாதத்தைப் பொறுத்தவரை விஷயம் எளிது. குளிர்காலம் என்றால் ஃபான்ட்ஹில் மட்டும்தான் மிச்சம், அது சில விடுமுறை நாள்கள் தவிர வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். கில்லட் பூங்கா எப்போதும் திறந்திருந்தாலும், கோட்டையின் உள்பக்கம் முக்கியமாக மே கடைசியிலிருந்து அக்டோபர் முற்பகுதி வரைதான். ஹாமண்ட் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை. இலை நிறம் மாறும் அக்டோபர் முதல் வாரம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், கில்லட். ஆற்றின் இரண்டு கரையும் பற்றி எரிகிற மாதிரி இருக்கும்.

பணம் பெரிய வித்தியாசம் செய்யாது. கில்லட்டில் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, கோட்டைக்குள் போக மட்டும் ஒரு சின்னத் தொகை. மற்ற இரண்டும் ஆளுக்கு 15 முதல் 20 டாலர் அளவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறியும் இருக்கலாம். மூன்றுக்கும் கிளம்புவதற்கு முன் இணையத்தில் நேரம் பார்த்துப் பதிவு செய்துவிடுவது நல்லது. ஃபான்ட்ஹில்லுக்கு இது கட்டாயம் மாதிரி. ஒரு சுற்றுக்குச் சில பேரைத்தான் சேர்ப்பார்கள்.

அக்கம்பக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹாமண்டுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாஸ்டனில் தங்கி, (நம்மூர் சேலம் இல்லை, மாசசூசெட்ஸின்) சேலம், ராக்போர்ட் என்று கடலோரமாக ஒரு நாள் சுற்றப்போகிறீர்கள் என்றால், வழியிலேயே இருக்கிறது, விடக் கூடாது. கில்லட்டுக்குப் பக்கத்தில் ஈஸ்ட் ஹாடம் ஊருக்குள் ஆற்றை ஒட்டி நிற்கும் குட்ஸ்பீட் நாடக அரங்கம் 1877-இல் திறந்தது, இன்றும் இசை நாடகங்கள் நடக்கின்றன. பகலில் நடிகரின் வீடு, மாலையில் நாடகம் என்று வைத்துக்கொண்டால் அழகாகப் பொருந்தும். டாய்ல்ஸ்டவுனில் மெர்சர் கட்டிய காங்கிரீட் கட்டிடங்கள் மூன்று. வீடு, அதை ஒட்டிய டைல்ஸ் பட்டறை, ஒரு மைல் தள்ளி அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகம். இயந்திரம் வருவதற்கு முன் மனிதர் கையால் பிடித்த கருவிகளை எல்லாம் அங்கே சேர்த்திருக்கிறார். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்தால் குதிரை வண்டியும் திமிங்கில வேட்டைப் படகும் தலைக்கு மேல் தொங்கும். ஒரு முழு நாள் தாராளமாகப் போகும்.

ஆக, தனியாகவோ, படியேறத் தயங்காத ஒருவரோடோ போகிறீர்கள், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், மழையானாலும் பனியானாலும் என் ஓட்டு ஃபான்ட்ஹில்லுக்கு. ஹாமண்ட் வாங்கிச் சேர்த்தார். கில்லட் நுணுக்கமாகத் திட்டமிட்டுப் பிறர் கையால் செய்வித்தார். மெர்சரோ தன் பட்டறை மண்ணையும் தன் அறைக் கணக்கையும் ஊர்க் கூலியாட்களின் உழைப்பையும் சேர்த்து வீடாக்கினார். வேறு யாரும், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், அந்த வீட்டைக் கட்டியிருக்க முடியாது. குடும்பத்தோடு என்றால் தயங்காமல் கில்லட். பாஸ்டனில் இருக்கிறீர்கள் என்றால் ஹாமண்ட்.

ஃபான்ட்ஹில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வீட்டைப் பார்த்து முடித்ததும் காரை எடுக்காமல், புல்வெளியைத் தாண்டி டைல்ஸ் பட்டறைக்கு நடந்து போங்கள். மெர்சர் செய்த முறையிலேயே இன்னும் அங்கே களிமண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, சுட்டு எடுக்கிறார்கள், விற்பனைக்கும் வைத்திருக்கிறார்கள். நான் வாங்கி வந்த உள்ளங்கை அளவு டைல் ஒன்று என் ஜன்னல் திட்டில் இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பினால், அழுத்தியவரின் கட்டைவிரல் தடம் தெரிகிறது.